சிவப்புப் பென்சிலும் நிழலைத் தேடிய நாவலும்

ஓர் ஊரில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. ஊர் தூத்துக்குடி. பென்சில் ஜெசிந்தா டீச்சருடையது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பதிப்பகம் நடத்திய நாவல் போட்டிக்கு டீச்சர் நடுவராக இருந்தார். மாயமும் விந்தையும் நிறைந்த நாவல்களுக்கான போட்டி அது. எழுதியவருக்கு அதுதான் முதல் நாவலாக இருக்க வேண்டும்.

உண்மையான நடுவர் தான்தான் என்று பென்சில் நினைத்தது. 'டீச்சரின் விரல்கள் என்னைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றன, அவ்வளவுதான். தவறைக் கண்டுபிடிப்பது நான்.'

கடைசியில் இரண்டு நாவல்கள் மிஞ்சின.

முதல் நாவல் பளபளக்கும் அட்டையோடு வந்திருந்தது. அதில் ஏழு தீவுகள், பேசும் வாள், நாடிழந்த இளவரசன் எல்லாம் இருந்தன. பென்சில் மூக்கைக் கூர்மையாக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. இளவரசன் போகவேண்டிய இடத்துக்குப் போய், செய்யவேண்டியதைச் செய்தான். பக்கங்கள் ஒரே சீராகப் புரண்டுகொண்டிருந்தன. பென்சில் திடுக்கிட்டு விழித்தபோது நாவல் முடிந்திருந்தது.

"உன்னிடம் குறையே இல்லை" என்றது பென்சில், தூங்கியதைக் காட்டிக்கொள்ளாமல்.

"எப்படி இருக்கும்? என்னை எத்தனை பேர் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள் தெரியுமா?" என்றது நாவல்.

இரண்டாவது நாவலை யாரோ நூலால் கட்டி அனுப்பியிருந்தார்கள். அச்சு பாதிப் பக்கங்களில் மங்கிக் கிடந்தது. பென்சிலைக் கண்டதும் அதன் ஓரங்கள் நடுங்கின.

"வலிக்குமா?" என்று கேட்டது.

"தவறு செய்யாவிட்டால் வலிக்காது" என்றது பென்சில்.

அது நிழல்கள் வேலைக்குப் போகும் ஓர் ஊரின் கதை. காலையில் மனிதர்கள் எழுவதற்கு முன்பே நிழல்கள் கிளம்பிப் போய்விடும், பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பும். சொர்ணம் என்ற பஸ் கண்டக்டரின் நிழல் ஒரு நாள் திரும்பவில்லை. அவள் அதைத் தேடிப் புறப்படுகிறாள்.

"நில்" என்றது பென்சில். "பகலெல்லாம் நிழல் வெளியே வேலை செய்கிறது என்கிறாய். உச்சி வெயிலில் ஆளின் காலடியில் சுருண்டு கிடக்கிறதே, அது யாருடையது?"

நாவல் திருதிருவென்று விழித்தது. "எனக்குத் தெரியாது. என்னை எழுதியவளுக்குத் தெரிந்திருக்கலாம்."

"விந்தை உலகம் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா? அந்த உலகத்துக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?" பென்சில் ஓரத்தில் அழுத்தமாக 'எப்படி?' என்று எழுதியது. முனை ஒடிந்தது. டீச்சர் சீவினார்.

அதற்குப் பிறகும் பென்சில் ஓயவில்லை. ஓர் அத்தியாயத்தில் சொர்ணத்தின் ஊர் மாறியிருந்தது. இன்னொன்றில் செத்துப்போன டிரைவர் வந்து டீ குடித்தார். ஒவ்வொன்றுக்கும் பென்சில் சுழித்தது, அடித்தது, கேள்வி கேட்டது. டீச்சர் சீவிக்கொண்டே இருந்தார். ஆனால் அந்த உச்சி வெயில் கேள்வி மட்டும் பென்சிலின் மனதை விட்டுப் போகவில்லை.

நடுவில் ஒரு பக்கத்தில் சொர்ணம் உச்சி வெயிலில் நடு ரோட்டில் நின்று தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஊரில் எல்லோர் காலடியிலும் நிழல் இருந்தது, அவளைத் தவிர. அப்போதுதான் அவளுக்கே புரிந்தது, நிழல்கள் மதியம் வீட்டுக்கு வந்து போகின்றன என்று. சாப்பிட.

பென்சில் அசையாமல் நின்றது.

"என்ன, இதுவும் தவறா?" என்று கேட்டது நாவல்.

"பேசாதே. அவள் சாப்பிட்டாளா? அதைச் சொல்" என்றது பென்சில்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது பென்சில் விரல்நுனி அளவுக்குத் தேய்ந்திருந்தது.

மறுநாள் பதிப்பாளர் வைரவன் வந்தார். அவரும் இரண்டையும் படித்திருந்தார். டீச்சரின் பிரதிகளைப் புரட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"என்ன டீச்சர், ஒண்ணுல கீறல்கூட இல்ல. இன்னொண்ணு ரத்தக் களறியா கெடக்கு. அப்புறம் என்ன யோசனை? ஏழு தீவுக்கே குடுத்துருவோம்."

பென்சிலுக்குப் பகீரென்றது. 'ஐயோ, அதில் நான் தூங்கிவிட்டேன்!' என்று கத்தியது. மனிதர்கள் காதில் அது விழவில்லை. நூல் கட்டிய நாவலின் பக்கம் திரும்பிப் பார்க்கவே அதற்கு வெட்கமாக இருந்தது. 'என் கோடுகளே உன்னைத் தோற்கடித்துவிட்டனவே.'

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், அந்த இளவரசன் பேரு என்ன?"

"பேரா? இருங்க..." வைரவன் புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"பாக்காம சொல்லுங்க. சரி, கண்டக்டர் பேரு?"

"சொர்ணம்" என்றார் வைரவன் சட்டென்று. "நிழலு கெடச்சதும் பஸ்ல ஏத்தி, அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாளே..." முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார்.

"தப்பு இல்லாததுல நான் எங்கயுமே நிக்கல சார்" என்றார் டீச்சர். "இதுல பக்கத்துக்குப் பக்கம் நின்னு சண்ட போட்டுருக்கேன். மனசு ஒட்டாத எடத்துல யாரு சண்ட போடுவா?"

வைரவன் தலையாட்டினார். டீச்சர் போனை எடுத்தார். காயல்பட்டினத்தில் பர்வீன் என்ற பெண் எடுத்தாள்.

"ஒன் நாவல்ல நெறையத் தப்பு இருக்கும்மா."

"தெரியும் டீச்சர்." குரல் உள்ளே போயிருந்தது. "சும்மா அனுப்பிப் பாத்தேன். படிச்சீங்களே, அதுவே போதும்."

"பரிசு ஒனக்குத்தான். தப்ப எல்லாம் சேந்து ஒக்காந்து சரி பண்ணுவோம். வர்றியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டீச்சரும் போனை வைக்காமல் காத்திருந்தார்.

மேசையில் நாவல் மெல்லப் பென்சிலைத் தொட்டது.

"எனக்காக இப்படித் தேய்ந்துவிட்டாயே. இனி உன்னைச் சீவக்கூட இடமில்லை."

"அதனால் என்ன?" என்றது பென்சில். "சொர்ணம் வீடு போய்ச் சேரும்வரை கூடவே இருந்தேனே."