உடையாச்சி கன்னத்து மங்கு

அந்தக் காலத்தில் சூரியனுக்கு வாய் இருந்தது. நண்டுக்கும் இருந்தது. நண்டு அளந்து பேசும். சூரியனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இரண்டு பனை உயரத்தில் நின்றுகொண்டு காலையில் எப்படி எரிந்தானோ அப்படியே சாயங்காலமும் எரிவான், அதே உக்கிரத்தோடு கடலுக்குள் இறங்குவான். அந்தி என்று ஒன்று அப்போது இல்லை. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், சட்டென்று இருட்டிவிடும்.

கடலோரத்து உப்பளத்து ஜனங்கள் அவனுக்கு ரொம்பவே பயந்தார்கள். அவன் காய்ந்தால்தானே உப்பு விளையும்? அதைச் சொல்லிச் சொல்லியே அவர்களை ஆட்டிவைத்தான். அவன் முன்னால் தலையில் துணி போடக் கூடாது. பாத்திக் கரையில் பந்தல் கூடாது. பிள்ளை பிறந்தால் உச்சிவேளையில் வெறும் வரப்பில் கிடத்தி அவனுக்கு முகம் காட்ட வேண்டும். பெரிய மனுஷன் பார்வை பட்டால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்று பேச்சு. பட்ட பிள்ளைகளில் பாதி வாடிப்போயின. ஏன் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

உடையாச்சியின் மூத்த பிள்ளை அப்படித்தான் போயிற்று. இரண்டாவதும் பிறந்தது, முகம் காட்டும் நாளும் வந்தது. புருஷன் பலவேசம் நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. காட்டாமல் விட்டு உப்பு விளையாமல் போனால் ஊரே நம்மைத் தூற்றுமே என்று காலையிலிருந்து மருகினான். உடையாச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாள்.

ஊர் கூடி நிற்க, பிள்ளையை வரப்பில் கிடத்தினாள். சூரியன் ஆவலாகக் குனிந்தான். அவன் பார்வை இறங்குவதற்குள் அவள் இரண்டு கைகளையும் ஊன்றிப் பிள்ளைமேல் கவிழ்ந்துகொண்டாள். முகத்தை மட்டும் நிமிர்த்தி அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏட்டி, நகரு. பிள்ளையைப் பாக்கணும்."

"மூத்ததைப் பாத்தீரே, போதாதா? இதைக் காட்ட மாட்டேன்."

சூரியனிடம் அதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதைத் தாங்கத் தெரியாமல் இருந்த வெயிலையெல்லாம் திரட்டி அவள் முகத்தில் கொட்டினான். நெற்றி, இரண்டு கன்னம், மூக்குத்தண்டு, மேலுதடு என்று தூக்கலாக இருந்த இடமெல்லாம் வாங்கிக்கொண்டன. அவள் அசையவில்லை. அவளுக்கு அடியில், நிழலில், பிள்ளை தூங்கியது.

"மங்கு!" என்று சபித்தான் சூரியன். "உன் முகக்களை மங்கட்டும். என்னை எதிர்த்தவ இவதான்னு பாக்கிறவன் எல்லாம் தெரிஞ்சிக்கிடட்டும்."

பிள்ளை பிழைத்தது. உடையாச்சியின் கன்னங்களில் மட்டும் பழுப்பாகக் கறை படர்ந்திருந்தது.

உப்பளத்து ஜனங்களுக்கு எந்தக் கறைக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: கல்லுப்பை அள்ளித் தேய்ப்பது. சட்டிக்கரியே போகிறது, முகத்துக்கறை போகாதா என்று நாத்தனார்மார் அவளை உட்காரவைத்துத் தேய்த்தார்கள். எரிந்தது, கறுத்தது. புளியும் செங்கல் பொடியும் சேர்த்துத் தேய்த்தார்கள். இன்னும் கறுத்தது. கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுக்காமல் அடுத்தவளிடம் நீட்டினார்கள். பிள்ளைக்காகப் பட்டது என்று தெரிந்திருந்தும், தண்ணீரில் முகம் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, தன் முகத்தின்மேல் யாருக்குத்தான் ஆசை இல்லை?

ஒருநாள் பாத்திக் கரையில் உட்கார்ந்து அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது வளையிலிருந்து நண்டு கண்ணை மட்டும் நீட்டியது.

"மதினி, நீங்க தேய்க்கும்போதெல்லாம் அவன் சிரிக்கான். கவனிச்சீங்களா?"

அவள் கை நின்றது.

"கறை மேலாப்பில இருந்தா தேய்க்கலாம். அவன் தோலுக்கு அடியில போட்டிருக்கான். தேய்ச்சா புண்ணாகும், புண்ணானா கூடக் கறுக்கும். அவன் கண்ணுல படாம இருங்க, தானா இறங்கும். என்னைப் பாருங்க, இருட்டாம வெளியே வாரேனா?"

வளைக்குள் பதுங்கிக் கிடந்தால் உப்பை யார் வாருவது என்று உடையாச்சி கேட்டாள். அதற்குப் பதில் அவளிடமே இருந்தது. கையிலிருந்த உப்பை உதறினாள். மறுநாள் முந்தானையை நெற்றிவரை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, உப்பு வாரும் பலகையைத் தூக்கித் தோளில் வைத்து, ஊர் பார்க்க உப்பளத்துக்குள் இறங்கினாள்.

துணியை எடு, இல்லையென்றால் உப்பு விளையாது என்று சூரியன் மிரட்டினான். காயாமல் இருக்க உமக்குத் தெரியுமா, தெரிந்தால் இருந்து பாரும் என்றாள் அவள். அவனுக்குத் தெரியவில்லை. உப்பு எப்போதும்போல விளைந்தது. அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக முந்தானையைத் தலைக்கு ஏற்றினார்கள். அதன்பிறகு எந்தப் பிள்ளையும் அவனுக்கு முகம் காட்டவில்லை.

கறை இறங்கத் தொடங்கியது, ஆனால் அவசரப்படவில்லை. கோயில் கொடைக்கு முக்காடு இல்லாமல் போய்வந்ததில் ஒருதடவை பழையபடி ஏறிக்கொண்டது. உடையாச்சி அழவில்லை, தேய்க்கவுமில்லை. மறுபடி மூடினாள், மறுபடி இறங்கியது.

ஒருநாள் சாயங்காலம் கடலுக்குள் இறங்கப் போன சூரியன் அவளைப் பார்த்து நக்கலாகச் சிரித்தான். "முழுசாப் போகலையே. நான் மங்குன்னு சொன்னா சொன்னதுதான்."

இடுப்பில் பிள்ளையோடு நின்ற உடையாச்சி முக்காட்டை விலக்கி, அன்று பார்த்தது போலவே அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஆமா, சொன்னீரு. நீரு போட்ட கறைதான் மங்கிட்டு வருது. சொன்ன சொல்லு உமக்கும் சேத்துத்தான். நீரும் மங்கும்."

உப்பளத்துப் பெண்கள் மொத்தப்பேரும் சிரித்தார்கள். அதுவரை சூரியனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவன் முகம் சிவந்தது. சூடு இறங்கியது, ஒளி குறைந்தது. வெட்கத்தோடு வெகு உயரத்துக்கு விலகிப்போய், அங்கிருந்து மெல்ல மெல்லக் கடலுக்குள் போனான். உலகத்தில் முதல் அந்தி அதுதான்.

அன்று முதல்தான் பிள்ளை சுமக்கிறவள் கன்னத்தில் ஏறும் கறைக்கு மங்கு என்று பேர். தேய்த்தால் முறைத்துக்கொண்டு கறுக்கும், வெயிலுக்கு மூடினால் மெல்ல இறங்கும். சூரியன் கதை வேறு. அவன் எத்தனை உயரத்தில் போய் நின்றாலும், அன்று முதல் பொழுது சாயும்போது மங்கித்தான் ஆகவேண்டியிருக்கிறது.