பனிக்காட்டில் ஒரு சேற்றுக் குளியல்

வெயிலைப் பார்க்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய ஒரு காட்டில், எருமைக் குடும்பம் ஒன்று வந்து குடியேறியது. சொந்த ஊரில் குளம் வற்றிவிட்டது. இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்று யாரோ சொன்னார்கள். அந்தத் தண்ணீர் கல்லாக உறைந்து கிடக்கும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அப்பா எருமையின் பெயர் கொம்பையன். அம்மா மயிலை. மகள் சுட்டி, பனிக்காட்டிலேயே பிறந்தவள். பனிமான் குட்டிகளோடுதான் திரிவாள். பனிமான் பாஷைதான் பேசுவாள்.

கொம்பையனுக்கு அதுதான் கவலை. "இப்படியே விட்டால் இவளுக்குக் கொம்பு கிளைவிட்டு முளைத்துவிடும்" என்று மயிலையிடம் புலம்பினார்.

புலம்பியதோடு நிற்கவில்லை. தினமும் உச்சிப் பொழுதில் மூவரும் சேற்றில் படுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார். ஊரில் அப்படித்தானே செய்தார்கள்?

"சேற்றுக்கு எங்கே போவது?" என்றாள் மயிலை.

"செய்துகொள்வோம்."

விடிந்ததும் வேலை தொடங்கும். கொம்பையன் பனியைக் குளம்பால் கொத்துவார். மயிலை மூச்சை ஊதி ஊதி உருக்குவாள். சுட்டி மண்ணைத் தோண்டிப் போட்டு மிதிப்பாள். மதியத்துக்குள், படுத்தால் உடம்பு மூழ்கும் அளவு சேறு தேறும். அதில் இறங்கி, பற்கள் கிடுகிடுக்க மூவரும் படுத்துக் கிடப்பார்கள்.

ஒரு கிழப் பனிமான் நின்று பார்த்துவிட்டு, "பாவம், என்ன குற்றம் செய்தார்களோ" என்று சொல்லிக்கொண்டே போனது.

"அப்பா, இது எதற்கு?" என்றாள் சுட்டி.

"உன் தாத்தா படுத்தார்."

"தாத்தா எதற்குப் படுத்தார்?"

"அவருடைய அப்பா படுத்தார். பேசாமல் வாலை உள்ளே இழு."

உண்மை என்னவென்றால், காரணம் கொம்பையனுக்கே மறந்து போயிருந்தது.

ஒருநாள் பனிமான் குட்டிகள் மலைச்சரிவில் சறுக்கி விளையாடக் கூப்பிட்டன. அதுவும் உச்சிப் பொழுதில். சுட்டி போய்விட்டாள்.

கொம்பையன் சேற்றில் கழுத்துவரை அமிழ்ந்து படுத்தார். "அவள் வந்து இறங்கும்வரை நான் எழமாட்டேன்."

"உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியும்" என்றாள் மயிலை. "இந்தக் குளிருக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. சுட்டி திரும்பி வந்தபோது சேறு இறுகிப் பாறையாகிவிட்டிருந்தது. வெளியே தெரிந்தவை அப்பாவின் தலையும் இரண்டு கொம்புகளும்தான்.

"அப்பா, எழுந்திருங்கள்."

"மாட்டேன்."

"மாட்டீர்களா, முடியவில்லையா?"

கொம்பையன் சற்று யோசித்தார். "இரண்டும்தான்."

சுட்டி பனிமான் பாஷையில் ஒரு குரல் கொடுத்தாள். பத்துப் பனிமான்கள் ஓடிவந்து, குளம்பாலும் கொம்பாலும் தோண்டி அவரை வெளியே எடுத்தன. வயிற்றில் ஒட்டிய சேற்றுப் பாளம் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் கொம்பையன் நடந்தால், தகரக் கதவு நடப்பது போலச் சத்தம் கேட்டது.

"இனி உன் இஷ்டம்" என்றார் மகளிடம். "நீ பனிமானாகவே இருந்துகொள்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு அந்தக் குழிப் பக்கமே அவர் போகவில்லை.

பனிக்காலம் போய் வெயில் வந்தது. பனி உருகியது. கூடவே கொசுவும் வந்தது. முந்தைய வருடங்களைப் போல ஒன்றிரண்டு அல்ல, மேகம் மேகமாக. பனிமான்கள் மரத்தில் முதுகைத் தேய்த்தன, ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டன. கிழப் பனிமான் ஆற்றில் குதித்துவிட்டு, தலையை வெளியே எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தது.

சுட்டிக்கும் உடம்பெல்லாம் தடிப்பு. ஓடிப்போய்ப் பழைய குழியில் விழுந்து புரண்டாள். சேறு அப்போது இளகி, வெதுவெதுப்பாக இருந்தது. கொசுக்கள் வந்து உட்கார்ந்தன, குத்திப் பார்த்தன. கொடுக்கு வளைந்ததுதான் மிச்சம்.

"அப்பா, இங்கே வாருங்கள். தாத்தா ஏன் படுத்தார் என்று தெரிந்துவிட்டது."

கொம்பையன் வந்தார். சேற்றில் மகளைப் பார்த்தார். தன் அப்பாவின் முதுகில் மொய்த்த மாட்டு ஈக்கள் சட்டென்று நினைவுக்கு வந்தன. "அட, ஆமாம்" என்று முனகிக்கொண்டே, யாரும் அழைக்காமலே பக்கத்தில் போய்ப் படுத்தார். கண் கொஞ்சம் கலங்கியது. சேறு தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

சாயங்காலத்துக்குள் காட்டிலுள்ள பனிமான்கள் எல்லாம் வரிசையில் நின்றன. "ஐயா, கொஞ்சம் தள்ளிப் படுங்கள்" என்றது கிழப் பனிமான். சுட்டி இரண்டு பாஷையிலும் கத்தி வரிசையை ஒழுங்குபடுத்தினாள்.

அடுத்த பனிக்காலத்தில் கொம்பையன் சேறு செய்யவில்லை. உச்சிப் பொழுதில் மகளோடு சறுக்கப் போனார். முதல் நாள் மட்டும் அந்தச் சரிவில் ஏழு மரங்கள் சாய்ந்தன.

நீதி: புது நாட்டுக்குப் பழக்கத்தைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், அதன் காரணத்தையும் மறக்காமல் அதே மூட்டையில் வைக்க வேண்டும்.