பனிக்கோட்டைத் தேருக்கு முன்னால் போகும் கழுதை

அந்தக் காலத்தில் கழுதைக்கும் யானைக்கும் வாய் இருந்தது. பேச வேண்டியதைப் பேசின. பனிக்கோட்டை நகரத்தில் மார்கழிதோறும் பனித் திருவிழா நடக்கும். பட்டத்து யானை முன்னால் போகும், தேர் பின்னால் வரும், பெரிய வீதிக்காரர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

தேரில் கட்டும் சீலை முதல் யானையின் முதுகுத் துணி வரை அத்தனையையும் வெளுத்துக் கொடுத்தவள் ஆற்றங்கரை வெள்ளத்தாய். அந்தக் குளிரில் தண்ணீரில் இறங்கி அலசி அலசி அவள் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். ஆனால் வடக்கு வாசலைத் தாண்டி வீதிக்குள் வர அவளுக்கு அனுமதி இல்லை. அவள் அம்மாவும் முப்பது வருஷம் வெளுத்தாள். தேர் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே செத்துப்போனாள். அதை நினைத்தால் வெள்ளத்தாய்க்கு வயிறு எரியும்.

முன்பெல்லாம் துணிகளைப் பல நாளாகப் பிரித்துப் பிரித்து வாங்குவார்கள். அவள் அடிக்கடி வாசலில் வந்து நிற்பது திருவிழா மணியக்காரர் நாகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. "இனிமே எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி, தேரோட்டத்தன்னிக்குக் காலையில கொண்டா. வருஷத்துக்கு ஒருதடவை வந்தாப் போதும்" என்றார். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. மொத்தத் திருவிழாவையும் ஒரு கழுதை முதுகில் ஏற்றிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

தேரோட்டத்தன்று காலையில் வெள்ளத்தாய் தன் கழுதை சடையனோடு வடக்கு வாசலுக்கு வந்தாள்.

"மூட்டையை இறக்கிட்டுத் திரும்பு" என்றார் மணியக்காரர்.

"இறக்க மாட்டேன் ஐயா. தேர் நிக்கிற இடத்துக்கு நானே கொண்டாந்து தர்றேன்."

"என்ன, கொழுப்பா?"

"அப்படியே வெச்சுக்குங்க" என்றவள் கழுதையைப் பார்த்தாள். "சடையா, நடப்பியா?"

"உன்கூட இத்தனை வருஷமா நடக்கிறேன். இன்னிக்கு மட்டும் நிப்பேனா?" என்றது சடையன்.

இருவரும் வாசலைத் தாண்டினார்கள். மூட்டையைப் பிடுங்க வந்த காவலர்களைச் சடையன் பின்னங்காலால் கவனித்துக்கொண்டது. மணியக்காரர் ஓடிப்போய்ப் பட்டத்து யானையைக் கூட்டி வந்து குறுக்கே நிறுத்தினார்.

"இவளை மிதிச்சுத் தள்ளு" என்றார்.

வெள்ளத்தாய் யானையை நிமிர்ந்து பார்த்தாள். பயந்தாள்தான், ஆனால் ஓரடி பின்வாங்கவில்லை.

"மிதிக்கட்டும் ஐயா. என் ரத்தம் சீலையில படும். அதை யாரு வெளுப்பா, நீங்களா?"

யானை துதிக்கையை நீட்டி அவள் விரல்களை முகர்ந்தது. "வருஷா வருஷம் என் முதுகுத் துணியில இந்த வாசனைதான் அடிக்கும். இது யாரு கைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இவங்களை நான் மிதிக்க மாட்டேன்" என்றது. ஒதுங்கி வழிவிட்டது. சடையன் கடந்ததும் அதன் பின்னால் நடந்தது.

சீலை கட்டாத தேரை யாரும் இழுக்க மாட்டார்கள். மணியக்காரரும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார். வெள்ளத்தாய் தேரை அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கியது.

"இதைப் பாக்கத்தான் எங்கம்மாவை விடலையா நீங்க?" என்று கேட்டுவிட்டு, சீலையைத் தன் கையாலேயே கட்டினாள்.

அடுத்த வருஷம், அவளைப் போலவே அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்த தேர்வடம் திரிப்பவர்களும் சக்கரத்துக்கு இரும்பு அடிப்பவர்களும் அதே வாசல் வழியாக வந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. காலம் போகப் போகத் தேருக்கு மின்விளக்கு வந்தது, பேண்டு வாத்தியம் வந்தது, சால்வைக்காரர்களுக்கு நாற்காலியும் வந்தது. ஆனால் சீலை மூட்டையோடு ஒரு கழுதை வடக்கு வாசலைத் தாண்டி வரும்வரை பனிக்கோட்டைத் தேர் அசையாது. எப்பேர்ப்பட்ட யானையும் அதன் பின்னால்தான் போகும். மூட்டையை இறக்க மாட்டேன் என்று வெள்ளத்தாய் சொன்னாளே, அன்று முதல்தான் இந்த வழக்கம்.