மணி எங்கே அடித்தது

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். கோவையில் காலையிலிருந்தே மேகம் கவிந்திருந்தது. மழை பெய்யவில்லை, காற்றும் அசையவில்லை.

சிறிய செயலி நிறுவனம் ஒன்றின் இரண்டாம் மாடியில், தேவசகாயம் தம் கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளியில் இயற்பியல் கற்பித்த வேலையை விட்டுவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் நிரல் எழுதக் கற்க வந்தவர். அவருக்குக் கற்பித்தவர் பூங்கோதை. மாணவரைவிட வயதில் நன்றாகவே இளையவர்.

நீரிழிவு நோயாளிகளுக்கு இன்சுலின் போடும் நேரத்தை மணியடித்து நினைவூட்டும் செயலி அது. மறுநாள் காலை ஒரு மருத்துவமனையில் தேவசகாயம் அதை இயக்கிக் காட்ட வேண்டும். மணி கேட்டால் வேலை நிரந்தரம். கேட்காவிட்டால் பயிற்சிக் காலத்தோடு சரி. உரிமையாளர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்.

மணி கேட்கவில்லை. ஒலியைக் கூட்டி எழுதி இயக்கினார். கைப்பேசி கொசுவைப் போல முனகியது. இன்னும் கூட்டினார். அதே முனகல். கணக்கில் பிழையோ என்று பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. அதுதான் அவரை அதிகம் குழப்பியது.

போதாக்குறைக்கு, அடுத்த அறையில் ஏதோ அலறிக்கொண்டிருந்தது. அது செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் ஷாகிராவின் அறை. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கினால் தம் மணி கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வதாகச் செய்தி அனுப்பினார். ஷாகிரா வருத்தம் தெரிவித்துவிட்டு, தானாகவே அலறும் தன் போனைத் துப்பட்டாவில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். தேவசகாயம் மறுபடி ஒலியைக் கூட்டி இயக்கினார். இழுப்பறை அதிர்ந்தது.

கடைசியில் பூங்கோதையிடம் போய் நின்றார்.

“மேடம், என் புரோகிராம்ல எங்க தப்பு?”

பூங்கோதை நிரலைப் பார்க்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அடுத்த அறைச் சத்தத்தைப் பற்றிய புகாரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து ஷாகிராவின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினார். திரும்பி வந்து தம் வேலையைத் தொடர்ந்தார்.

தேவசகாயம் காத்திருந்தார்.

“மேடம், நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.”

“பதில் சொல்லிட்டேனே சார்.”

“எங்கிட்டச் சொல்லலையே.”

“சொன்னேன். தெளிவா, ரெண்டு தடவை.”

கேலி என்றே நினைத்தார். வகுப்பில் பையன்கள் இப்படி அவரைச் சுற்ற வைத்ததுண்டு. முகம் இறுக, அடுத்த அறைக்குப் போனார்.

“வாங்க வாத்தியாரே,” என்றாள் ஷாகிரா. “மேடம் எல்லாம் சொன்னாங்க. ரொம்ப நல்ல பதில். ஆனா அது எனக்கு எதுக்குங்க?”

இழுப்பறையைத் திறந்து துப்பட்டாவைப் பிரித்தாள். அவள் போனில் அவருடைய செயலி திறந்திருந்தது. சற்றுமுன் அவர் கூட்டி எழுதிய ஒலி அளவு அப்படியே அதில் இருந்தது.

அவர் திரும்பி வந்தார். பூங்கோதை அவருடைய கணினியில் சிறிய கட்டளை ஒன்றை அடித்தார். அந்தக் கட்டளைக்கு ஒரே வேலைதான்: இந்தப் புராஜெக்ட் இப்போது எந்தச் சாதனத்தை இலக்காக வைத்திருக்கிறது, அதாவது எழுதியது எந்தப் போனில் போய் ஓடும் என்று ஒற்றை வரியில் சொல்லும். ஷாகிராவின் போன் என்று சொன்னது. முந்தைய நாள் மாலை அவளுக்குக் காட்டுவதற்காக வைஃபை வழியே இணைத்த தேவசகாயம், இலக்கைத் திரும்ப மாற்றவில்லை; அவர் கையில் முனகியது பழைய பதிப்பு. இப்போது மாற்றினார், இயக்கினார். கையிலிருந்த போன் அலறியதில் அதைக் கீழே போட்டுவிட்டார்.

“இனிமே இதைக் கேட்டுட்டே இயக்கினா தப்பே வராதில்லையா மேடம்?”

“எதைப் பார்த்து நிக்குதுன்னு அது சொல்லும் சார்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பதிலில் ஏதோ மிச்சமிருப்பதாகத் தேவசகாயத்துக்குப் பட்டது. என்னவென்று விளங்கவில்லை.

மறுநாள் காலை ஷாகிரா முதல் வேலையாக அந்தச் செயலியைத் தன் போனிலிருந்து நீக்கினாள். பூங்கோதை அலுவலகப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். தேவசகாயம் மருத்துவமனையில் மடிக்கணினியைத் திறந்து அதே கட்டளையை அடித்தார். அவருடைய போனின் பெயர் வந்தது. மருத்துவரும் உரிமையாளரும் காத்திருந்தார்கள். இருந்தும் ஏதோ உறுத்த, பூங்கோதையை அழைத்தார்.

“மேடம், என் போன்னுதான் சொல்லுது. சரிதானே?”

“எதிர்ல யாருங்க சார் உட்கார்ந்திருக்காங்க?”

“ஒரு பேஷன்ட். மாராத்தாள்னு பேரு.”

“அவங்க கையில?”

அப்போதுதான் பார்த்தார். கண்ணாடி கீறிய பழைய போன். ஒலி வரும் துளைகளில் இட்லி மாவு காய்ந்திருந்தது. அப்படி ஒரு போனில் அவர் எதையுமே ஓட்டிப் பார்த்ததில்லை.

“அதுல கேக்குமான்னே தெரியாது மேடம்,” என்றார் மெதுவாக. “கேக்கலைன்னா என் வேலை போயிடும்.”

“உங்க போன்ல கேட்டா அவங்க ஊசி போட்டுக்குவாங்களா சார்?”

தேவசகாயம் அழைப்பைத் துண்டிக்கவும் தோன்றாமல், பையிலிருந்து கேபிளை எடுத்து மடிக்கணினியில் செருகி, மாராத்தாளின் போனுக்காகக் கையை நீட்டினார்.