செவலையின் உறுமல்

நாய்கள் மனிதரோடு மனிதராகப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஒரு கரட்டின் அடிவாரத்தில் பெத்தணன் என்ற ஆட்டுக்காரன் இருந்தான். அவன் மனைவி சிலம்பாயி. ஆறு வயதில் ராக்கு என்று ஒரு மகள். ஆட்டுக்கிடைக்குக் காவல் செவலை என்ற நாய்.

ஒரு கோடையில் சிறுத்தை கிடைக்குள் பாய்ந்தது. செவலை அதை விடாமல் மறித்தது. ஆடுகள் பிழைத்தன. செவலைக்கு விலா எலும்பு முறிந்தது. வெளியே காயம் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் தட்டிக்கொடுக்கப் போன பெத்தணனிடம், "அந்தப் பக்கம் தொடாதீங்க, வலிக்குது" என்றது செவலை.

பக்கத்துக் கிடைக்காரர்கள் சிரித்தார்கள். "நாய் உனக்கே உத்தரவு போடுதேப்பா" என்றான் ஒருவன். பெத்தணனுக்கு முகம் கறுத்தது. கையிலிருந்த கம்பால் அடித்தான்.

அதன் பிறகும் யாராவது நெருங்கினால் செவலை, "கிட்ட வராதீங்க" என்று சொல்லும். சொன்ன போதெல்லாம் அடி விழுந்தது.

"நாயைப் பழக்கத் தெரிஞ்சவ ஒச்சாயி அக்கா. கரட்டுக்கு அந்தப் பக்கந்தான் இருக்கா. ஒரு எட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் சிலம்பாயி.

"என் நாயை அடக்க எனக்குத் தெரியாதா?"

ஒரு மாதத்தில் செவலை பேசுவதை நிறுத்தியது. "பார்த்தியா, அடங்கிருச்சு" என்றான் பெத்தணன்.

ஒரு நண்பகலில் ராக்கு ஓடிவந்து, படுத்திருந்த செவலையின் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். செவலை ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிக் கடித்தது. கடி கழுத்தில் விழுந்தது. மூன்றாம் நாள் பிள்ளை இறந்துபோனாள்.

புதைத்துவிட்டு வந்த பெத்தணன் செவலையின் கழுத்தில் கயிற்றை மாட்டி மரத்தடிக்கு இழுத்தான். சிலம்பாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல ஒச்சாயிகிட்ட போகணும். எம்புள்ள ஏன் செத்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அழுகைகூட இல்லாத அவள் முகத்துக்குப் பயந்து அவன் கூடவே நடந்தான்.

ஒச்சாயி அவசரப்படவில்லை. நாய் நிற்பதையும் நடப்பதையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரல் நுனியால் விலாவைத் தடவினாள். கோணலாகக் கூடியிருந்த எலும்பு தட்டுப்பட்டது.

"கடிக்கிறதுக்கு முன்னாடி இது எதுவும் சொல்லலையா?"



"அன்னைக்குச் சொல்லல. அதுக்கு முன்னாடி தினமும் சொல்லுச்சு. சொல்லச் சொல்ல இவுக அடிச்சாக" என்றாள் சிலம்பாயி.

ஒச்சாயி நாயின் விலாவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "கடியை நீ நிறுத்தலப்பா. கடி வருதுன்னு சொன்ன வாயத்தான் அடைச்சிருக்க" என்றாள்.

"திரும்பப் பேச வைக்க முடியுமா?" என்று கேட்டான் பெத்தணன்.

"பேச்சு போனது போனதுதான். வேற ஏதாவது மிச்சமிருக்கான்னு பார்க்கிறேன். விட்டுட்டுப் போங்க."

பெத்தணன் மட்டும் திரும்பினான். சிலம்பாயி அங்கேயே இருந்துவிட்டாள். அவன் கூப்பிடவும் இல்லை.

ஒச்சாயி தினமும் செவலையின் விலாவுக்கு ஒரு சாண் தள்ளிக் கையைக் கொண்டுபோவாள். அதன் உடம்பு இறுகியதும் கையை எடுத்துவிடுவாள். பல நாள் இப்படியே போனது. ஒரு நாள் செவலையின் தொண்டைக்குள் சின்னதாக ஒரு அதிர்வு எழுந்தது. உடனே கையை எடுத்தாள். மறுநாள் அது கொஞ்சம் பலமாக வந்தது. அப்போதும் எடுத்தாள். அடி விழவில்லை என்பதைச் செவலை மெல்லத்தான் நம்பியது.

மழைக்காலம் முடிந்து பெத்தணன் வந்தான். செவலை அவனைக் கண்டதும் பல் தெரிய உறுமியது. அவன் கை தானாகக் கம்பை ஓங்கியது. சிலம்பாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓங்கிய கம்பைக் கீழே போட்டுவிட்டு, அவன் பின்னால் நகர்ந்தான்.

பேசிய நாய்க்கு நடந்ததைக் கேள்விப்பட்ட மற்ற நாய்களும் மனிதரிடம் பேச்சை விட்டுவிட்டன. செவலையின் உறுமலை மட்டும் கற்றுக்கொண்டன. அன்று தொடங்கித்தான் நாய் கடிக்கும் முன் உறுமுகிறது. அதைக் கேட்டதும் கம்பைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.