மலைப்பாதையோர வீடு

"எனக்குக் காவி எப்பம்மா தருவீங்க?"

பவளக்கொடி கேட்டாள். மலையடி மடத்தில் அவள்தான் வயதில் மூத்த சிஷ்யை. குரு மங்கையம்மா அவளைவிட இளையவர். அதனால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"வீட்டை விட்டாச்சா, அக்கா?"

"எப்பவோ விட்டாச்சு. அவர் போனதும் கொழுந்தன் எழுதி வாங்கிக்கிட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்கலை."

"எப்படி இருக்கும் அந்த வீடு?"

சொல்ல ஆரம்பித்தாள். கிழக்குப் பார்த்த வாசல். சமையலறைப் புகை போக, சண்டை போட்டு வைத்த ஜன்னல். சொல்லி முடிப்பதற்குள் மடத்தில் பந்தியே முடிந்துவிட்டது.

"செஞ்சு காட்டுங்க" என்றார் குரு. "நம்ம குப்பைத் தொட்டியில கிடக்கறதை வச்சு."

செய்தாள். ஊதுவத்தி அட்டை சுவரானது. தீக்குச்சிகள் ஜன்னல் கம்பி. மருந்து பாட்டில் மூடி தண்ணீர்த் தொட்டி. எண்ணெய் டின்னை வெட்டிக் கூரை போட்டபோது தகரம் விரலைக் கிழித்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

குரு குனிந்து பார்த்தார்.

"மலைப்பாதையோரம் வையுங்க. சாயங்காலம் வரைக்கும் யார் என்ன செஞ்சாலும் பேசக் கூடாது. அப்புறம் காவி."

பவளக்கொடிக்கு அந்தப் பாதையைத் தெரியும்.

சொந்த வீடு வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறவர்கள் அந்தப் பாதையில் கல்மேல் கல் வைத்துச் சின்னதாக வீடு கட்டுவார்கள். நல்ல கல் கிடைக்காவிட்டால், முன்னால் வந்தவர் கட்டியதிலிருந்து உருவிக்கொள்வார்கள்.

வீட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். குரு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஆடு வந்து முகர்ந்தது. அவள் பேசவில்லை.

காற்றில் சுவர் சாய்ந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

வெயில் தாழும்போது ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. கற்களை அடுக்கினாள். கல் நிற்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். தகரக் கூரையைத் தூக்கினாள்.

"ஏய்! கீழே வை! அது என் வீடு!"

சொன்ன பிறகுதான் பவளக்கொடி வாயைப் பொத்தினாள். குருவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா, குப்பைன்னு நெனச்சுட்டேன்." அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "வாடகை வீட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு வீட்டுக்காரரு. பிள்ளை அழுற சத்தம் ஆகலையாம்."

கூரையைத் திருப்பி வைத்தாள். கூரை கோணலாக உட்கார்ந்தது.

பவளக்கொடி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"எடுத்துத் தொலை."

அந்தப் பெண் கூரையைத் தன் கல்மேல் வைத்தாள். கல் சரிந்தது.

"அப்படியா வைப்பாங்க? சுவர் இல்லாம எதுமேல நிற்கும்?"

பவளக்கொடி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வீட்டு அட்டைச் சுவரைப் பிடுங்கி அங்கே நட்டாள். ஜன்னலைப் பிடுங்கினாள். தொட்டியைப் பிடுங்கினாள். அந்தப் பெண் உள்ளே ஒரு சின்னக் கல்லை அடுப்பாக வைத்தாள்.

"அடுப்பு அங்க வேண்டாம். பிள்ளை தூங்கற இடம், புகை அடிக்கும்."

"ஒரே ஒரு ரூம் போதும்க்கா."

"போதுமாமே! கேட்கறதுன்னு வந்தாச்சு, நல்லாத்தான் கேளேன்."

பவளக்கொடியின் வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் மண்.

பின்னால் குருவின் குரல் கேட்டது.

"அக்கா, காவி கொண்டு வந்திருக்கேன்."

பவளக்கொடி திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா. இவளுக்கு இன்னும் கதவு வைக்கலை."