பாதி நுழைந்த நாடா

“எவ்வளவு இறுக்கினாலும் கழன்று வருது, டீச்சர்” என்றார் இருதயராஜ்.

தனபாக்கியம் தலையை நிமிர்த்தவில்லை. மேஜைமேல் ஒரு ரத்த அழுத்தக் கருவி திறந்து கிடந்தது. அதன் வயிற்றுக்குள் சாமணத்தை விட்டு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்.

“டீ குடிச்சீங்களா சார்?”

“இல்லை.”

“குடிச்சிட்டு வாங்க.”

இருதயராஜ் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. அந்தக் கம்பெனியில் கனெக்டர்களை வடிவமைக்கும் பிரிவுக்குத் தலைவர். தனபாக்கியத்துக்கு முப்பத்தெட்டு. ரிப்பேர் பிரிவின் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்னால் திருத்தணியில் மூன்று மாதம் பால்வாடியில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லாரும் டீச்சர் என்றார்கள். அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனாலும் எல்லாரும் அவரிடம்தான் போனார்கள்.

*

அம்பத்தூரில் அப்போது அந்தக் கம்பெனிக்கு மூன்று ஷெட் இருந்தன. நாலு மணியானால் பக்கத்து பிஸ்கட் ஃபேக்டரியிலிருந்து வெண்ணெய் வாசனை வரும். ஈயம் உருகும் வாசனையும் அதுவும் கலந்து ஷெட் முழுவதும் நிற்கும். அந்த வாசனை இப்போதும் கனவில் வருகிறது என்று சொல்வார் இருதயராஜ்.

மருத்துவக் கருவிகளுக்குள் போகும் கனெக்டர்கள்தான் அங்கே செய்தார்கள். பழுதாகித் திரும்பி வரும் கருவிகளையும் அங்கேயே பிரித்துச் சரிசெய்வார்கள். கருவிக்குள் ஒரு பச்சை போர்டு இருக்கும். திரையிலிருந்து ஒரு ஃப்ளெக்ஸ் வரும். தெருமுனையில் கட்டுகிற ஃப்ளெக்ஸ் அல்ல. காகிதம்போல் மடங்குகிற ஒரு நாடா. அதற்குள் தலைமுடி பருமனில் செம்புக் கோடுகள் ஓடும்.

அந்த நாடாவை போர்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது கனெக்டர். சுண்டுவிரல் நகம் அளவுதான். நாடாவைச் செருகி, மேலே இருக்கும் கறுப்பு மூடியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

பூட்டியும் கழன்றது.

வடக்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தை ஒன்று இன்குபேட்டரில் இருந்தது. பட்டப்பகலில் திரை அணைந்துவிட்டது. சூடும் நின்றுவிட்டது. நல்லவேளையாக நர்ஸ் அந்தப் பக்கம் போனபோது குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சில்லென்று இருந்தது. எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

குழந்தை பிழைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் நாலே வரி. யாரையும் திட்டவில்லை. இருதயராஜ் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

அவர் செய்தது ஒன்றுதான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளை இறுக்கினார். நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் மெஷினில் புதுக் கனெக்டர் முன்னைவிட மூன்று மடங்கு தாங்கியது.

நான்கு மாதத்தில் ஐந்து கருவிகள் திரும்பி வந்தன. ஐந்திலும் நாடா கழன்றிருந்தது.

*

“மெஷின் பொய் சொல்லாது, டீச்சர். மூணு மடங்கு தாங்குது. நானே இழுத்துப் பார்த்தேன்.”

“சரிங்க சார்.”

“அப்புறம் ஏன் கழலுது?”

தனபாக்கியம் எழுந்தார். தன் நாற்காலியைக் காட்டினார்.

“உட்காருங்க.”

“நானா?”

“நாப்பது போடுங்க.”

ஒரு ட்ரேயை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நாற்பது கருவிகள். நாற்பதிலும் இறுக்கிய புதுக் கனெக்டர். கையுறையையும் நீட்டினார்.

இருதயராஜ் இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ கனெக்டர் வரைந்தவர். அவர் மேஜையில் பூதக்கண்ணாடி விளக்கு உண்டு. அதன்கீழ் ஒரே ஒரு கனெக்டரை வைத்து, ஒரே ஒரு நாடாவைச் செருகிப் பார்ப்பார். அழகாகப் போகும்.

இங்கே கனெக்டர் ஒரு தகட்டுக்கு அடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. கையுறைக்குள் விரல் மரத்துப்போன மாதிரி இருந்தது. நாடாவைத் தடவித் தடவிக் கொண்டுபோய், எங்கே இடிக்கிறதோ அங்கே நிறுத்தி, மூடியை அழுத்தினார்.

பத்தாவதில் கழுத்து வலித்தது. இருபதாவதில் யோசிப்பதை விட்டுவிட்டார். கை தானாகப் போட்டது.

நாற்பதும் முடிந்தன.

தனபாக்கியம் ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு விரலால், பூத்தொடுக்கும்போது நூலை இழுக்கிற மாதிரி, மெல்ல இழுத்தார்.

ஏழு கழன்று வந்தன.

“பூட்டியிருந்தேனே!”

“எல்லாம் பூட்டித்தான் இருந்துச்சு சார்.”

இன்னொரு ட்ரே வந்தது. அதிலும் நாற்பது. ஆனால் இறுக்குவதற்கு முந்தைய பழைய கனெக்டர். கழுத்து வலியோடு அதையும் போட்டார்.

இரண்டு மட்டும் கழன்றன.

இருதயராஜ் ட்ரேயைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். கழன்று வந்த ஒரு நாடாவைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். ஸ்பிரிங் கடித்த தடம் அதன் நுனியிலேயே இருந்தது. பாதிதான் உள்ளே போயிருக்கிறது. ஸ்பிரிங் அத்தனை இறுக்கம். இடித்ததும், முடிவு வந்துவிட்டது என்று விரல் நினைத்துக்கொண்டது. மூடியும் ஒன்றும் சொல்லாமல் பூட்டிக்கொண்டது.

தனபாக்கியம் பழையபடி ரத்த அழுத்தக் கருவியைக் கையில் எடுத்திருந்தார்.

“நான் எழுந்திருக்கட்டுமா டீச்சர்?”

“என் நாற்காலி சார் அது.”

*

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது இருதயராஜுக்குச் சம்பந்தத்தின் ஞாபகம் வந்தது.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்த நாளில் கனெக்டர் என்றால் கட்டைவிரல் பருமன் இருக்கும். செருகினால் ‘டக்’ என்று கேட்கும். ஷெட்டின் அந்தக் கோடியில் சம்பந்தம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். இந்தக் கோடியில் யாராவது செருகினால், திரும்பாமலே குரல் கொடுப்பார்.

“போகலை. திரும்பப் போடு.”

பார்த்தால் போயிருக்காது.

ஆயுத பூஜையன்று சம்பந்தம் ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையால் சந்தனம் வைப்பார். பொரி கடலையைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிப்பார். நாற்பத்துநாலு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கனெக்டர்கள் வருடத்துக்கு வருடம் சின்னதாகின. கால் மில்லிமீட்டர் குறைத்தாலும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார்கள். எந்த வருடத்தோடு அந்தச் சத்தம் நின்றது என்று இருதயராஜ் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. யாரும் கவனித்திருக்கவில்லை.

பஸ் வந்தது. ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸில் போனார்.

*

புதிதாக வரைந்தார்.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் பாதிக்கு மேல் குறைத்தார். நாடா தடையில்லாமல் உள்ளே போகட்டும். நாடாவின் இரண்டு ஓரத்திலும் சின்னதாகக் காது வைத்தார். அந்தக் காதுகள் கனெக்டரின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் மூடி இறங்கும். பாதி நுழைந்திருந்தால் இறங்காது. இறங்கும்போது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சின்ன அடி தெரியும். கையுறை போட்டிருந்தாலும் தெரியும்.

ஜெனரல் மேனேஜர் பத்ரிநாத் வரைபடத்தைத் திருப்பித் தள்ளினார்.

“உயரம் கால் மில்லி கூடுது. எல்லாரும் மெல்லிசாக்கிட்டுப் போறாங்க. நீங்க பின்னாடி போறீங்க.”

“ஆமா சார்.”

“கஸ்டமர் ஒத்துக்க மாட்டான்.”

“என்கூட ரிப்பேர் பிரிவு வரைக்கும் வாங்க சார்.”

தனபாக்கியம் சாப்பிடப் போயிருந்தார். இருதயராஜ் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இறுக்கிய கனெக்டர் வைத்த பத்துக் கருவிகளை எடுத்து வைத்தார். கையுறையை நீட்டினார்.

பத்ரிநாத் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பத்தையும் போட்டு முடித்தார். இருதயராஜ் மெல்ல இழுத்தார்.

இரண்டு வந்தன.

பத்ரிநாத் கையுறையைக் கழற்றினார். பிறகு கேட்டார்.

“அந்தக் குழந்தை... ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளைக் குழந்தை சார்.”

“வரைபடத்தைக் கொண்டாங்க.”

*

அந்தக் கனெக்டர் பிறகு எங்கெங்கோ போனது. பதின்மூன்று வருடம் அதைச் செய்தார்கள். தானாகக் கழன்றது என்று ஒரு கருவிகூடத் திரும்பி வரவில்லை.

இருதயராஜ் இப்போது கொரட்டூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அம்பத்தூர் ஷெட்டுகளில் வேறு யாரோ துணிக் கிடங்கு வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் யாராவது பார்க்க வந்தால் பேச்சு எப்படியோ அந்தக் கனெக்டருக்குப் போய்விடும். “சாதிச்சிட்டீங்க சார்” என்பார்கள்.

அவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டு, ஒரு வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்.

*

மழை பெய்துகொண்டிருந்தது. புதுக் கனெக்டர் வைத்த முதல் நாற்பது கருவிகள் ஒரு ட்ரேயில் அன்றுதான் வந்திருந்தன. இருதயராஜ் அவற்றை ஒரு சாமி படத்தைக் கொண்டுவருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரிப்பேர் பிரிவுக்கு வந்தார்.

தனபாக்கியம் போட்டுப் பார்த்தார்.

ஒன்பதாவதில் நாடா பாதிதான் போனது. மூடி இறங்க மறுத்தது. தனபாக்கியத்தின் கை நின்றது. நாடாவைக் கொஞ்சம் தள்ளினார். அழுத்தினார். இறங்கியது.

நாற்பதையும் போட்டு முடித்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை.

“நல்லா இருக்கு சார்.”

இருதயராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல்முறையாக நன்றாக மூச்சு விட்டார். வெளியே மழை ஷெட்டின் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“உண்மையாவா டீச்சர்?”

“உண்மையாத்தான்.”

தனபாக்கியம் அந்த நாற்பதில் ஒரு கருவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“இதுல பேட்டரி மாத்தணும் சார். பேட்டரி போர்டுக்கு அடியில இருக்கு. நாடாவைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க.”

இருதயராஜ் நகத்தை விட்டுப் பார்த்தார். மூடி ஒட்ட உட்கார்ந்திருந்தது. நகம் நுழைய இடமில்லை. பெருவிரலால் நெம்பினார். அசையவில்லை. சாமணத்தை வாங்கி அதன் முனையை ஓரத்தில் கொடுத்துத் தூக்கினார்.

நாடாவின் காது கிழிந்தது.

செம்புக் கோடுகள் இரண்டு அதோடு அறுந்தன.

தனபாக்கியம் குனிந்து கிழிசலை விரலால் தொட்டார். அதுதான் இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை.

“கழலக் கூடாதுன்னுதானே டீச்சர் எட்டு மாசம் சோறு தண்ணி இல்லாம உழைச்சேன்!”

ஷெட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தனபாக்கியம் கிழிந்த நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைத் திரும்ப அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“தானாக் கழலக் கூடாது சார், சரி” என்றார். “நானாக் கழட்டினாலுமா?”